பன்னிரண்டு வாரப் பரவாயில்லை

திட்டியே ஒரு பெண்ணை வேலையை விட்டுத் துரத்தியவள் என்று என்னைப் பற்றி அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். திட்டாமலே இன்னொருவரைத் துரத்தினேன், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். டாக்டரைப் பார்க்க செல்போனில் நேரம் குறித்துக்கொள்கிறீர்களே, அந்தத் திரைக்குப் பின்னால் ஓடுவது எங்கள் சரக்கு. ஏழு பேர் கொண்ட குழு, நான் லீடு. யார் எழுதும் கோடும், அதாவது கணினி நிரலும், நேரே மென்பொருளுக்குள் போய்விடாது. நான் படித்து, வரிக்கு வரி குறிப்பு எழுதி, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் போகும். என் குறிப்புகள் திரையில் சிவப்பாக விழும் என்பதால் எனக்குச் சிவப்புப் பேனா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும், பிடித்தும் இருந்தது.

போன வருஷம் படிப்பு முடித்த கையோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் எழுதிக் கொடுத்த ஒரே கோப்பில் அறுபத்திரண்டு குறிப்பு போட்டேன். அறுபத்திரண்டாவது குறிப்பு, "இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்தாயா?" அவள் கழிப்பறையில் போய் அழுதாள். மறுவாரம் நின்றுவிட்டாள். போகும்போது எச்.ஆருக்கு நான்கு பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போனாள். அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். அறுபத்தோரு குறிப்பும் சரிதான் என்று அப்போதும் எனக்குப் பட்டது. கடைசியது மட்டும் குறிப்பே இல்லை, திட்டு.

தண்டனையாக இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் பலகையில் இரண்டு ரொட்டித் துண்டு வரைந்தார். மேல் ரொட்டி ஒரு பாராட்டு, கீழ் ரொட்டி ஒரு பாராட்டு, குறையை நடுவில் வைக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பரிமாறியது எப்போதும் வெறும் ரொட்டியாகவே போயிற்று. நடுவில் வைக்க வேண்டியதைத் திட்டாமல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, திட்டவும் பயம். இன்னொரு புகார் வந்தால் லீடு வேலை இருக்காது என்று எச்.ஆர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் பரவாயில்லை என்ற சொல்லைக் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை நான் என்ன கண்டுபிடிப்பது. ஆனால் அதில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான்தான். நன்றாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், சுமார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போகட்டும் விடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்துக்கொண்டாலும் சொன்னவர் தலையில் எதுவும் விழாது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணா வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குழுவிலேயே பெரியவர் என்பதால் முதல் நாளே எல்லோருக்கும் அண்ணா ஆகிவிட்டார். முன்பு இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். ஏழு மாதம் சும்மா இருந்தவர் எப்படி உட்காருவார் என்று அவரைப் பார்த்தால் தெரியும், நாற்காலியின் முன் பாதியில்தான் உட்காருவார். எங்களிடம் சேருகிறவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கண்ணாடி அறையில் அவரும் நானும் உட்காருவோம். அந்த வாரம் அவர் வேலை எப்படி என்று நான் சொல்ல வேண்டும். அவர் நீல அட்டை போட்ட ஒரு நோட்டைத் திறந்து, தேதி எழுதி, அடிக்கோடு போட்டு, பேனாவோடு காத்திருப்பார். நான் அவருடைய நேரம் தவறாமையைப் பாராட்டுவேன். அப்புறம் பரவாயில்லைண்ணா என்பேன். அப்புறம் எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிறீர்கள் என்பேன். அவர் மூன்றையும் எழுதிக்கொள்வார்.

உண்மையில் அவருடைய கோடில் மூன்று குறை இருந்தது. முதலாவது, ஒரே நொடியில் இரண்டு நோயாளிகள் பத்தரை மணி டாக்டரைக் கேட்டால் இரண்டு பேருக்கும் பத்தரையைத் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டாவது, நெட் பாதியில் அறுந்தால் அப்படியே விழித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, ஒரே துண்டை ஏழு இடத்தில் நகலெடுத்து ஒட்டியிருப்பார், ஒன்றைத் திருத்தினால் ஆறு பழசாகவே கிடக்கும். பழைய கம்பெனியில் அவர் எழுதியதெல்லாம் ஒரே மெஷினில் தனியாக ஓடியவை. முட்டி மோதிக்கொண்டு வரும் கூட்டத்தை அவர் கோடு பார்த்ததே இல்லை. எடுத்துச் சொன்னால் புரியக்கூடிய குறைகள்தான்.

நான் எடுத்துச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும், அவர் எழுதியதை நானே உட்கார்ந்து திருத்தி, பொத்தானை அழுத்தி உள்ளே அனுப்பிவிடுவேன். தன் கோடு அப்படியே போயிற்று என்று அவர் நம்பினார். ஒரு குறிப்புகூட இல்லாமல் போகிறதே, சிவப்புப் பேனாவா இப்படி என்று மற்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதே வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேனேஜருக்கு நான் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதை அண்ணா பார்க்க முடியாது. எழுத்தில் எனக்குப் பொய் வராது. "இந்த வாரமும் எதிர்பார்த்த நிலையில் இல்லை. பெரும்பகுதியை நான் திருத்தினேன்" என்று எழுதுவேன். மூன்று மணிக்கு என் வாய் சொன்னதும் நாலு மணிக்கு என் கை எழுதியதும் ஒரே ஆளுடையது என்று யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அதில் உறுத்தலே இல்லையா என்றால், இருந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அண்ணா நோட்டை மூடிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அவர் மனைவி சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். வெள்ளிக்கிழமைதோறும் இவர் வீட்டுக்குப் போனதும் கேட்பாராம், என்ன சொன்னார்கள் என்று. பரவாயில்லை என்றார்கள் என்பாராம் இவர். எப்படிச் சொன்னார்கள், சொல்லிக் காட்டுங்கள் என்பாராம் அவர். இழுத்துச் சொன்னால் மெச்சுகிறார்கள், வெடுக்கென்று சொன்னால் கடுப்பில் இருக்கிறார்கள், மூச்சு விட்டுக்கொண்டே சொன்னால் கைகழுவிவிட்டார்கள் என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறதாம். இவர் என்னைப் போலவே பேசிக் காட்டுவாராம், அவர்கள் வீட்டுக் குழந்தைக்குச் சிரிப்புத் தாங்காதாம்.

"ஸ்கூல்ல அவ ரிப்போர்ட் கார்டுல பரவாயில்லைன்னு எழுதினா, அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் பேசணும்னு அர்த்தமாம். அதான் பயப்படுறா. ஆபீஸ்ல அப்படி இல்லடின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறாவது வாரம் அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், வேற ஒரு இடத்துல கூப்பிடுறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நான் இங்க தேறிடுவேனா? நேராவே சொல்லுங்க. வீட்ல கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

இப்படி நேராக ஒருவர் கேட்டால் பதில் சொல்வது எவ்வளவு சுலபம். போயிடுங்கண்ணா என்று ஒரே வார்த்தை. முடிவு தெரியும்வரை எதுவும் சொல்லக்கூடாது என்று எச்.ஆர் விதி இருக்கிறது, அதைச் சொல்லியாவது கழன்றுகொண்டிருக்கலாம், அவருக்கே விளங்கியிருக்கும். ஆனால் போங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் ஆறு வாரத்துப் பொய்யை எடுத்து மேஜை மேல் வைக்க வேண்டும். மிச்ச ஆறு வாரத்தில் எப்படியாவது அவரைத் தேற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

"பரவாயில்லைண்ணா, இருங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை என்னால் மறக்க முடியாது. முதல் தடவையாக நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை காலையில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி பிஸ்கட் வைத்திருந்தார். அந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். நான் இரண்டு பிஸ்கட் எடுத்துத் தின்றேன்.

பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, நான் படிவம் அனுப்பிய பிறகு, மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. எனக்கு லீடு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அண்ணாவை நிரந்தரம் செய்யப் போவதில்லை, மேலே சொல்லியாகிவிட்டது, பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்லிவிடலாம் என்றார். அவர் நல்ல ஆள், கற்றுக்கொள்வார், இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். பத்து வாரத்துப் படிவமும் வரிசையாக இருந்தது. எதிர்பார்த்த நிலையில் இல்லை, எதிர்பார்த்த நிலையில் இல்லை என்று மேலிருந்து கீழ்வரை. எல்லாம் என் எழுத்து. இதை வைத்துத்தானே முடிவு எடுத்தோம் என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எப்படிச் சொல்வது என்று வீட்டுக்குள்ளேயே நடந்தேன். திங்கட்கிழமை எனக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. காலை ஒன்பதரை மணிக்கு அண்ணா என் மேஜைக்கு வந்து நின்றார். எங்கள் தொழிலில் கோடின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக மாற்றியது யார் என்று பெயர் பதிந்திருக்கும். யாரும் அதைச் சும்மா போய்ப் பார்ப்பதில்லை. அண்ணா பார்த்திருக்கிறார்.

"உள்ள போன கோடு எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தேன் மேடம். நான் எழுதின வரி ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் உங்க பேர்தான் இருக்கு."

கண்ணாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல் ரொட்டியும் இல்லாமல், கீழ் ரொட்டியும் இல்லாமல் சொன்னேன். பத்து வாரமும் நான்தான் திருத்தினேன் என்றும், மேனேஜருக்கு வேறு மாதிரி எழுதினேன் என்றும், முடிவு எடுத்துவிட்டார்கள் என்றும், மாற்றப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

"அப்ப பரவாயில்லைன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேண்ணா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நீல நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார், அடிக்கோடு போட்டார்.

"என்ன தப்புன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

மூன்று குறையையும் சொன்னேன். ஏன் குறை, நோயாளிக்கு அதனால் என்ன ஆகும், எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் அழவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இப்படித்தான் சொல்ல வேண்டுமா என்று. பேனாவை மூடிக்கொண்டே அவர் சொன்னார், பழைய கம்பெனியிலும் இதை யாரும் தனக்குச் சொன்னதில்லையாம். வெளியே போய் அந்த இன்னொரு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

அன்று தொடங்கி ஒன்பது வேலை நாளும் சிவப்புப் பேனா வேலை செய்தாள். முதல் நாள் அவருக்கு முப்பத்தெட்டு குறிப்பு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினார், இரண்டு இடத்தில் நான் சொன்னதுதான் தப்பு என்று காட்டினார், அது உண்மை. மூன்றாம் நாள் பத்தொன்பது குறிப்பு. அடுத்த வாரம் திங்கட்கிழமை நான்கு. வியாழக்கிழமை காலையில் அந்தப் பத்தரை மணி விஷயத்தைத் தீர்த்துக் கொண்டுவந்தார். முதலில் கேட்டவருக்கு நேரத்தைப் பிடித்துவைத்துவிட்டு, இரண்டாவது ஆளுக்கு இல்லை என்று கதவைச் சாத்தாமல், அதே டாக்டரிடம் அடுத்துக் காலியாக இருக்கும் மூன்று நேரத்தைத் தானாக எடுத்துக் காட்டியது அது. நான் மதிய நேரங்களில் ஒளிந்து திருத்தியபோது இது எனக்குத் தோன்றவில்லை. இல்லை என்று சொல்வதோடு நான் நிறுத்தியிருந்தேன். ஒரு குறிப்பும் போடாமல் பொத்தானை அழுத்தினேன். வரிகளுக்குப் பக்கத்தில் அவர் பெயர் விழுந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பாருங்கள், ஒன்பதே நாளில் எழுதியது என்றேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று வாயாரச் சொன்னார். ஆனால் அந்தப் பணியிடத்தையே மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கேட்க வழியில்லை என்றார். என் லீடு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அவரை வையுங்கள் என்றேன். அப்படியெல்லாம் மாற்றிக்கொள்ள இது காய்கறிக் கடையா என்றார். எல்லாப் பழியும் என்னுடையது என்று எழுதித் தருகிறேன் என்றேன். எழுதித் தரச் சொன்னார், கோப்பில் வைத்துக்கொள்ளலாமாம், முடிவு மாறாதாம். கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"ஒன்பது நாள்ல கத்துக்கிற மனுஷன்னா, மிச்ச பத்து வாரம் நீங்க அவருக்கு என்னதான் சொன்னீங்க?"

எழுதிக் கொடுத்தேன். கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே கண்ணாடி அறை. எச்.ஆர், மேனேஜர், நான், அண்ணா. முடிவுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது முறை, அதனால் எச்.ஆர் என் படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று நாலு மணிக்கு நான் எழுதிய பத்தையும் அண்ணா கேட்டார். அவர் நோட்டைக் கொண்டுவரவில்லை. கடைசி இரண்டு வாரத்துக்கு நான் எழுதியிருந்ததையும் வாசித்தார்கள், மிகச் சிறந்த முன்னேற்றம் என்று. அதைக் கேட்டபோது மட்டும் அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார்கள். ஒன்றும் இல்லை என்றார். லேப்டாப்பை ஒப்படைக்க எச்.ஆர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வரவேற்பிலிருந்து போன். அண்ணா வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர் போனை எடுக்கவில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றாள் அங்கிருந்த பெண். சோதனைக் காலம் முடிகிற நாள், நாலு மணிக்கு வா, வெளியே போகலாம் என்று அண்ணா மனைவியிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல அப்புறம் வாய் வரவில்லை போலிருக்கிறது. வாய் வராமல் போவது எப்படி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

போகாமல் இருந்திருக்கலாம். லிஃப்ட்டில் இறங்கும்போதுகூட அதைத்தான் நினைத்தேன். சோபாவின் ஓரத்தில், அண்ணாவின் மனைவியும் முன் பாதியில்தான் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை.

"உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு இருந்தேங்க. ஆறாவது வாரம் நேரா கேட்டுக்கிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன். இருங்கன்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம்தான் மனுஷன் தூங்கினாரு."

சொல்ல வேண்டியவர் அண்ணா. ஆனால் இன்னொரு வெள்ளிக்கிழமையும் இந்த வாயால் மழுப்பிவிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லை. அவரை நிரந்தரம் செய்யவில்லை, இன்றோடு வேலை முடிந்தது என்றேன். கெட்டிக்காரர், ஒன்பது நாளில் கற்றுக்கொண்டார், பத்து வாரம் அவருக்குச் சொல்லித்தராதது நான் என்றேன். தேறவில்லை என்று வாராவாரம் எழுதியதும் நான், அந்த வேலைக்குப் போக விடாமல் இருங்கள் என்று சொன்னதும் நான் என்றேன். அவர் கை என் கையிலிருந்து மெல்ல விலகியது. கண் என் முகத்திலேயே இருந்தது, குழந்தை சொல்லும் பதிலைக் கடைசிவரை கேட்கிற டீச்சரைப் போல.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. தோளில் பையும், கையில் காபிக் கோப்பையும், அக்குளில் நீல நோட்டுமாக அண்ணா வந்துகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அந்தப் பெண் முந்தானையால் கண்ணை ஒரு தடவை ஒற்றிக்கொண்டு, முகத்தைச் சரிசெய்து, புருஷனைப் பார்த்துச் சிரித்தார். என் பக்கம் திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பரவாயில்லை."

போய் அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இழுத்தும் சொல்லவில்லை, வெடுக்கென்றும் சொல்லவில்லை, மூச்சு விட்டுக்கொண்டும் சொல்லவில்லை. ரிப்போர்ட் கார்டில் எழுதுகிற, அம்மா அப்பாவைக் கூப்பிட வைக்கிற பரவாயில்லை அது. எனக்குப் புரிந்தது.